மனச்சோர்வு அசைபோடலும் சமூகச் சிக்கல் தீர்வும்

உளவியலில் மனச்சோர்வு அசைபோடல் என்பது, ஒருவர் தமது துயரத்தையும் அதன் காரணங்களையும் விளைவுகளையும் பற்றி, செயலில் இறங்காமல், திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கும் போக்கு ஆகும். தமிழில் நினைவுகளை அசைபோடுதல் என்பது பெரும்பாலும் இனிய நினைவுகளையே சுட்டும். இங்கு கூறப்படுவது அதுவன்று. இப்போக்கு, பிறருடனான உறவில் எழும் சிக்கல்களைத் தீர்க்கும் திறனைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

கோட்பாடு

இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா (1959–2013) ஆவார். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் லோமா பிரீட்டா நிலநடுக்கம் ஏற்படுவதற்கு ஏறத்தாழ இரு வாரங்கள் முன்னர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையும் அசைபோடும் பழக்கமும் தற்செயலாக அளவிடப்பட்டிருந்தன. முன்பே அப்பழக்கம் மிகுந்திருந்தவர்களிடம் நிலநடுக்கத்தின் பின் மனச்சோர்வு அதிகமாக இருந்தது. ஏழு வாரங்கள் கழித்தும் அவ்வேறுபாடு காணப்பட்டது.

திறன் மீதான தாக்கம்

சமூகச் சிக்கல் தீர்வை அளக்க, தொடக்கமும் முடிவும் மட்டும் தரப்பட்ட கதைகள் பயன்படுத்தப்படுகின்றன. நண்பர்கள் ஒருவரை ஒதுக்குவதாகத் தோன்றுகிறது. முடிவில் அவர்கள் மீண்டும் நெருக்கமாகின்றனர். இடையில் நடந்ததைப் பங்கேற்பவர் சொல்லவேண்டும்.

சோன்யா லியுபோமிர்ஸ்கியும் நோலன்-ஹோக்செமாவும் 1995 இல் வெளியிட்ட ஆய்வில், சோர்வுற்றோரில் ஒரு பகுதியினர் எட்டு நிமிடங்கள் தம் உணர்வுகளைப் பற்றிச் சிந்தித்தனர். ஏனையோர் தம்மோடு தொடர்பற்ற காட்சிகளைக் கற்பனை செய்தனர். முதற் பிரிவினர் கூறிய தீர்வுகளே தரம் குறைந்திருந்தன. மற்றவர்கள் சோர்வற்றவர்களுக்கு இணையாகவே விடையளித்தனர். எனவே துயர மனநிலை மட்டுமே திறனைக் கெடுப்பதில்லை எனலாம். அசைபோடுபவர், தாம் சிக்கலைப் புரிந்துகொண்டு வருவதாகவே நம்புவது இதிலுள்ள இடர். அதனால் அதை நிறுத்த அவருக்குக் காரணம் தோன்றுவதில்லை.

சிந்தனையின் வகை

தன்னைப் பற்றி எண்ணுவது எல்லாம் தீங்கானதன்று. எட்வர்ட் வாட்கின்ஸ், மிஷெல் மோல்ட்ஸ் ஆகியோரின் 2005 ஆம் ஆண்டு ஆய்வு, "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பது போன்ற பொதுவான மதிப்பீட்டுச் சிந்தனையையும், நிகழ்வதை நுணுக்கமாகக் கவனிக்கும் சிந்தனையையும் ஒப்பிட்டது. மனச்சோர்வு நோயாளர்கள் இரண்டாம் வகையில் ஈடுபட்ட பின் சிறந்த தீர்வுகளைக் கூறினர். இவ்வேறுபாட்டைப் பின்பற்றி, அசைபோடலை மையப்படுத்திய அறிதல் நடத்தைச் சிகிச்சையை வாட்கின்ஸ் உருவாக்கினார். இதில் நோயாளர் எண்ணுவதை நிறுத்துமாறு கேட்கப்படுவதில்லை. "ஏன்" என்ற கேள்வியை "எவ்வாறு" என மாற்றிக் கேட்கப் பழக்கப்படுகின்றனர்.