வித்துப் புரதமும் ஒவ்வாமையும்: ஒரு வினாவின் வரலாறு

முளைக்கும் நாற்றுக்கு உணவாகவென வித்து தன்னுள்ளே புரதத்தைச் சேமித்து வைக்கிறது. அவ்வுணவே மனிதருட் சிலருக்கு ஒவ்வாத நஞ்சாய் அமைவதேன்? இவ்வினாவின் வரலாறு மருத்துவமனையிலன்றி, விவசாய ஆய்வு நிலையமொன்றிலேயே தொடங்குகின்றது.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், வித்துக்களை அரைத்தும் கரைத்தும் தம் வாழ்நாளைக் கழித்த இரசாயனவியலாளர் தோமஸ் ஒஸ்போன் (1859–1929). நீரிற் கரைவன, உப்புநீரிற் கரைவன, மதுசாரத்திற் கரைவன, ஐதான அமிலத்திலோ காரத்திலோ மாத்திரம் கரைவன எனத் தாவரப் புரதங்களை அவர் வகுத்த முறை இன்றும் கைவிடப்படவில்லை. ஆயினும் கரைதிறன் புறத்தன்மையே. அகவமைப்பை அது காட்டாது.

சிக்காகோவைச் சேர்ந்த நோயியலறிஞர் கிடியன் வெல்சுடன் ஒஸ்போன் மேற்கொண்ட சோதனைகள் இவ்விடத்தில் முக்கியத்துவம் பெறுகின்றன. தூய புரதமொன்றைச் சிறிதளவு கினிப்பன்றிக்கு ஏற்றுவர். சில கிழமைகளின் பின் மீண்டும் ஏற்றுவர். அதே புரதமெனின் அவ்விலங்கு மூச்சுத்திணறும், சிலவேளை மாண்டுபோம். முற்றிலும் வேறான புரதமெனின் யாதும் நிகழாது. இரக்கமற்ற சோதனைதான். ஆயினும் 1913இல் வெளிவந்த அதன் முடிவு வியப்புக்குரியது. ஒரே வித்திலுள்ள இருவேறு புரதங்கள் ஒன்றுக்கொன்று அந்நியமாயிருக்க, கோதுமையின் கிளையடினும் வாற்கோதுமையின் ஹோர்டீனும் உறவு காட்டின. உடல் இனங்காண்பது தாவரத்தின் குலத்தையன்று, புரதத்தின் இரசாயன அமைப்பையே என்பது இதனாற் பெறப்பட்டது.

ஆனால் அவ்வமைப்பு யாது? பளிங்குகள் எக்ஸ் கதிரைச் சிதறச் செய்யுமென்பது மியூனிக் நகரில் 1912இல் அறியப்பட்டதெனினும், வித்துப் புரதங்களுக்கு அம்முறை பயன்பட நெடுங்காலம் சென்றது. 1949இல் சுவீடனைச் சேர்ந்த டானியல்சன், அவரையினத் தாவரங்களின் குளோபுலின்களை அதிவேக மையநீக்கியாற் பிரித்து, லெகுமின், விசிலின் என்னும் இரு வகைகள் அவற்றிற் பரவலாக உள்ளனவெனக் காட்டினார். போஞ்சியின் விசிலினாகிய பேசியோலினின் முப்பரிமாண அமைப்பை அவுஸ்திரேலிய ஆய்வாளர் 1990இல் வெளியிட்டனர். மூன்று அலகுகள் கூடித் தட்டையான முக்கோணமாய் நின்றன; ஒவ்வோர் அலகும் ஒன்றையொன்று ஒத்த இரு பாதிகளாலானது.

கச்சானிலுள்ள அறா எச் 1 என்னும் ஒவ்வாமைப் புரதமும் விசிலினே. அதன் மையப்பகுதியின் அமைப்பு 2011இல் துணியப்பட்டபோது அதே மூவலகுக் கட்டே காணப்பட்டது. பிறபொருளெதிரிகள் பற்றும் இடங்களிற் பல, அலகுகள் ஒன்றோடொன்று பொருந்தும் பகுதியில் இருந்தன. எனினும் கச்சான் ஒவ்வாதார் பலர் ஏனைய அவரையினங்களைத் தீங்கின்றி உண்கின்றனர். ஆகவே மொத்த வடிவின் ஒற்றுமை மட்டும் போதாது. மேற்பரப்பின் சிறு வேறுபாடுகளும் கருதற்பாலன. வெல்சும் ஒஸ்போனும் கூறியதற்கு இது மறுப்பன்று, திருத்தமெனலாம்.

அவர்தம் கூற்றுக்கு வலுவான சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சோயா அவரையில் மெதியோனின் என்னும் அமினோ அமிலம் குறைவு. கால்நடைத் தீவனத்துக்காக அக்குறையை நீக்கக் கருதி, பிறேசில் கொட்டையின் அல்புமின் ஒன்றுக்குரிய பரம்பரையலகை அதனுட் புகுத்தினர். 1996இல் வெளியான ஆய்வின்படி, பிறேசில் கொட்டை ஒவ்வாத மூவரின் தோலிற் சோதித்தபோது, சாதாரண சோயாவுக்கு எவ்விளைவும் இல்லை; மாற்றப்பட்ட சோயாவுக்கோ மூவரின் தோலும் தடித்தது. அச்சோயா சந்தைக்கு வரவேயில்லை.