இந்திய நினைவு நாணயங்களில் வெள்ளித் தூய்மை: 1969 – 2024

முன்னுரை

விடுதலைக்குப் பிந்தைய இந்திய வெள்ளி நாணயங்கள் பெரும்பாலும் நினைவுக்காகவும் சேகரிப்புக்காகவும் வெளியிடப்பட்டவை. அவற்றின் தூய்மை 80, 50, 99.9 விழுக்காடு என மூன்று முதன்மை நிலைகளைக் கொண்டுள்ளது. தூய்மை விழுக்காட்டை மட்டும் கொண்டு இம்மாற்றத்தை மதிப்பிடுவது பொருந்தாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

காலனியப் பின்னணி

1835இல் தரப்படுத்தப்பட்ட ரூபாய் 11.66 கிராம் எடையும் 91.7 விழுக்காடு தூய்மையும் உடையது. இரண்டாம் உலகப் போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டால் 1940இல் தூய்மை 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எடை மாறாமையால் ஒரு ரூபாயிலிருந்த வெள்ளி 10.69 கிராமிலிருந்து 5.83 கிராமாகச் சரிந்தது. எஞ்சிய பாதியில் செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 விழுக்காடு கலக்கப்பட்டன. 1947இல் ரூபாய் நிக்கலுக்கு மாறியது.

நினைவு நாணயங்களில் மாற்றம்

காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969இல் வெளிவந்த 10 ரூபாய் நாணயம் 15 கிராம் எடையும் 80 விழுக்காடு தூய்மையும் கொண்டது. அதிலுள்ள வெள்ளி 12 கிராம். விடுதலை வெள்ளிவிழாவுக்கான 1972ஆம் ஆண்டு 10 ரூபாயில் தூய்மை 50 விழுக்காடாயிற்று. எனினும் எடை 22.5 கிராமாக உயர்த்தப்பட்டதால் வெள்ளி 11.25 கிராமாக நின்றது. தூய்மையின் வீழ்ச்சியை எடை ஏறத்தாழ ஈடுசெய்தது. 1973இன் 20 ரூபாய் நாணயத்திலோ 30 கிராம் எடையில் 15 கிராமே வெள்ளி. ஆகவே தூய்மை மாறாதபோதும் ரூபாய்க்குரிய வெள்ளி 1.125 கிராமிலிருந்து 0.75 கிராமாகக் குறைந்தது.

போர்க்கால நெருக்கடியில் பிறந்த நாற்கலவை நெடுங்காலம் நீடித்தது. புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பையொட்டி 2023இல் வெளியான 35 கிராம் எடையுள்ள 75 ரூபாய் நாணயமும் அதே விகிதத்தில் அமைந்தது. அதற்கு மாறாக, இந்திய ரிசர்வ் வங்கியின் 90ஆம் ஆண்டையொட்டி 2024இல் வெளியான 90 ரூபாய் நாணயம் 99.9 விழுக்காடு தூய்மையும் 40 கிராம் எடையும் உடையது.

முடிவுரை

2024ஆம் ஆண்டு நாணயத்தில் ரூபாய்க்குரிய வெள்ளி சுமார் 0.44 கிராம், 1969ஆம் ஆண்டு நாணயத்தில் அது 1.2 கிராம். மிகத் தூய நாணயம், முகமதிப்பை நோக்க, மூன்றில் ஒரு பங்கைச் சற்றே விஞ்சிய வெள்ளியையே தாங்குகிறது. எனவே தூய்மை, எடை, முகமதிப்பு ஆகிய மூன்றையும் ஒருசேரப் பதிவுசெய்வதே நாணயவியல் ஒப்பீட்டுக்கு அடிப்படையாகும்.