சுஷியின் கதை: எடோ முதல் ஊரூர் குப்பம் வரை

சுஷி என்றதும் "பச்சை மீனா? ஐயோ!" என்று முகம் சுளிப்பவர்கள் சென்னையில் இன்றும் உண்டு. அதே சென்னையில் நண்பர்களோடு போய், குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, நாலு துண்டுக்கு ஒரு முழு மீனின் காசைக் கொடுத்துவிட்டு வருபவர்களும் பெருகிவிட்டார்கள். இரு தரப்பிலும் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. சுஷி என்ற சொல்லுக்கு மீன் என்று பொருளே இல்லை. அதன் பொருள் புளிப்பு!

அந்தப் புளிப்பு சோற்றிலிருந்து வந்தது. ஐஸ் இல்லாத காலத்தில் மீனை உப்பிட்டு, வெந்த சோற்றுக்குள் புதைத்து, மேலே கல்லை வைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் காக்கும். நம் வீட்டுப் பழைய சோற்றைப் புளிக்க வைக்கும் அதே வகை நுண்ணுயிர்களின் வேலைதான் இது. பிறகு மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்கள். தென்கிழக்கு ஆசியாவின் நெல் விளையும் ஆற்றுப் படுகைகளில் பிறந்ததாகக் கருதப்படும் இந்த முறை, ஜப்பானில் 8ஆம் நூற்றாண்டிலேயே வரியாகச் செலுத்தும் பொருளாகிவிட்டது. பிவா ஏரிக் கரையில் இன்றும் இப்படிச் செய்கிறார்கள். கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துபவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

ஆக, ஆதி சுஷி பச்சை மீனே அல்ல, ஊறிய மீன். நாளாக நாளாக ஜப்பானியர்களுக்குப் பொறுமை குறைந்தது. சோறு முழுதாகக் கெடுமுன்பே அதையும் சேர்த்துத் தின்றார்கள். 17ஆம் நூற்றாண்டு வாக்கில், புளிக்கும் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று சோற்றில் வினிகரையே ஊற்றிவிட்டார்கள். 1820களில் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) ஹனாயா யோஹெய் என்ற சமையல்காரர், கையால் பிடித்த சோற்று உருண்டை மேல் மீன் துண்டை அழுத்தி விற்றுப் பெயர் பெற்றார். இன்று வெள்ளைத் தட்டில் வரும் சுஷி, அன்று தெருவோரத் தள்ளுவண்டிச் சரக்கு. உருண்டையும் இப்போதையதைவிடப் பெரியது. வேலைக்குப் போகிறவன் நின்றபடியே இரண்டைத் தின்றுவிட்டு நடையைக் கட்டுவான்.

அந்தச் சுஷிக்கு 'எடோமாயே' என்று பெயர். 'எடோவுக்கு முன்னால்' என்று பொருள். அதாவது நகருக்கு எதிரே இருந்த விரிகுடாவில் பிடித்த மீன். விலாங்கு, மட்டி, சின்னச் சின்ன வெள்ளி மீன்கள்... கைக்கெட்டும் கடல் எதைத் தந்ததோ அது. பச்சையாக வைத்தால் கெடும் என்பதால் சிலவற்றை வினிகரில் ஊறவைத்தார்கள், சிலவற்றை சோயா சாற்றில் நனைத்தார்கள், சிலவற்றை அவித்தார்கள். இன்று கொள்ளை விலைக்குப் போகும் சூரையின் கொழுப்புச் சதையை, சீக்கிரம் கெடுகிறது என்று அன்று ஒதுக்கித் தள்ளினார்கள் என்பது வேடிக்கை!

1923 நிலநடுக்கத்தில் டோக்கியோ அழிந்தபோது சுஷிக்காரர்கள் சொந்த ஊர்களுக்குச் சிதறினார்கள். அவர்களோடு எடோ சுஷியும் நாடெங்கும் போனது. 1958ல் ஒசாகா அருகே சுழலும் பட்டையில் தட்டுகள் ஓடும் கடை வந்தது. 1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில், கொழுத்த சூரை கிடைக்காத மாதங்களில் அவகாடோ பழத்தை வைத்துச் சுற்றினார்கள் என்பது கலிபோர்னியா ரோலுக்குச் சொல்லப்படும் பிறப்புக் கதை. பெரு நாட்டில் வேலை பார்த்த நோபு மட்சுஹிசா எலுமிச்சையையும் மிளகாயையும் ஜப்பானிய மீனோடு சேர்த்து, 1987ல் பெவர்லி ஹில்ஸில் கடை திறந்தார். சாலமனும் அப்படித்தான். புழுவுக்குப் பயந்து ஜப்பானியர்கள் பச்சையாகத் தின்னாத மீன் அது. நார்வேக்காரர்கள் 1980களில் தங்கள் பண்ணை மீனைக் கொண்டுபோய், விடாமல் பேசிப்பேசி சுஷியில் ஏற்றிவிட்டார்கள்.

எனவே இன்றைய நகர உணவகங்களில் மயோனைஸ் வழியும் ரோல்களையும், மீனே இல்லாத சைவ ரோல்களையும் பார்த்து "இதெல்லாம் சுஷியா?" என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. எது பக்கத்தில் கிடைக்கிறதோ அதை வைத்துச் சமாளிப்பதுதான் சுஷியின் பரம்பரைக் குணம். சென்னை அதைத்தான் செய்யவில்லை.

இந்தியாவில் சுஷி நட்சத்திர ஓட்டல் வழியாகப் பேர் வாங்கியது. 2004ல் மும்பை தாஜ் ஓட்டலில் திறந்த 'வசாபி' அதில் முக்கியமானது. சென்னையில் வாகனத் தொழிற்சாலைகளுக்கு வந்த ஜப்பானியப் பொறியாளர்களும் ஒரு காரணம். நுங்கம்பாக்கத்து 'டாலியா' போன்ற கடைகள் அவர்களை நம்பியே நடந்தன. இப்போது உள்ளூர்க்காரர்களும் வருகிறார்கள். ஆனால் தட்டில் இருக்கும் சாலமன் விமானத்தில் வந்தது.

பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்கு முனையில், அடையாற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். அங்கே விடியற்காலையில் ஃபைபர் படகுகள் கரையேறுகின்றன. வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, சூரை என்று பருவத்துக்கு ஏற்றபடி மீன் வரும். சூரைக்கு இங்கே மரியாதை குறைவு. ரத்தச் சதை அதிகம் என்று வஞ்சிரம் வாங்குகிறவர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிடித்தவுடன் ரத்தத்தை வடித்து ஐஸில் புதைத்தால் அந்த வாடையும் குறையும், விலையும் ஏறும். வெயிலில் கிடந்த சூரையிலோ ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. மேலும், பச்சையாகத் தின்பதற்கு முன் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்தால்தான் புழுக்கள் சாகும். ஆகவே கரையில் வாங்கியதை அப்படியே அறுத்துத் தின்று பார்க்கும் வீரம் வேண்டாம்! குப்பத்து மீனுக்கும் சுஷித் தட்டுக்கும் நடுவே நிற்பது ருசி அல்ல, ஐஸ் பெட்டியும் குளிர்பதனக் கிடங்கும்தான்.

கானாங்கெளுத்தியின் உறவு மீனை ஜப்பானியர்கள் உப்பும் வினிகரும் போட்டு சுஷிக்கு ஏற்றுவது பழைய வழக்கம். இங்கே அந்த இடத்தில் இன்னும் குழம்புதான்.

மீனை விரும்பும் ஊர் மீன்காரரை அந்த அளவு விரும்புவதில்லை. 2023 ஏப்ரலில், அடையாற்றின் அக்கரையில் பட்டினப்பாக்கம் லூப் சாலையோர மீன்கடைகளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று மாநகராட்சி அகற்றியது. மீனவர்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புது மீன் அங்காடி வந்தது. ஊரூர் குப்பத்துக்காரர்களும் 2000களின் இறுதியில், தங்கள் கரை வழியே கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேம்பாலச் சாலை போடும் திட்டத்தை எதிர்த்தவர்கள்தான்.

எடோவில் நடந்தது வேறு. தொழிற்சாலைக் கழிவும் சாக்கடையும் விரிகுடாவில் கலந்தன. துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்தார்கள். 1962ல் டோக்கியோவின் மீனவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். எடோமாயே என்ற பெயர் மட்டும் இன்றும் டோக்கியோக் கடைகளின் பலகையில் இருக்கிறது. மீன் பெரும்பாலும் வேறு கடல்களிலிருந்து வருகிறது.