கஜானாவும் கேள்வி நேரமும்

மல்லாங்கிணறு என்னும் ஊர் விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் காட்டிலே இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவன். கிணற்றின் பெயரை ஊர்ப்பெயராகக் கொண்டிருந்தாலும் அங்கே தண்ணீர் அரிது. ஆகவே கண்மாயில் மராமத்து நடந்தால், எஸ்டிமேட் என்ன, எவ்வளவு பணம் பட்டுவாடா ஆயிற்று, கரையிலே விழுந்த மண் எவ்வளவு என்ற மூன்று கேள்விகள் டீக்கடையிலேயே பிறந்துவிடும். பள்ளிக்கூடத்தின் வாசலை மிதியாத சம்சாரிகூட இவற்றை வரிசை பிசகாமல் கேட்பார். பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி அங்கத்தினர் ஒருவர் சர்க்காரின் செலவையும் கொள்முதலையும் கண்டித்துப் பேசும்போது அவர் கேட்பவையும் பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகள்தாம். இக்கேள்விகள் டில்லி வரையில் சென்ற வரலாற்றில் நம் தமிழகத்திற்கு ஒரு பங்கு உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் நினைவுக்கு வருகிறவர் எஸ். சத்தியமூர்த்தி. புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த திருமயத்தில் 1887-இல் பிறந்தவர், தொழிலால் வழக்கறிஞர். விருதுநகர்க் காமராஜருக்கு அரசியல் குருவாக விளங்கியவர் என்பதால் எங்கள் பக்கத்தில் அவர் பெயரை அந்நியமாக யாரும் கருதுவதில்லை. 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை நகரத்தின் சார்பில் வெற்றி பெற்று மத்திய சட்டசபைக்குச் சென்றார். அங்கே காங்கிரஸ் கட்சிக்குத் தலைவர் புலாபாய் தேசாய். துணைத் தலைவர் சத்தியமூர்த்தி. எதிர்வரிசையில் நிதி இலாகாவை வகித்தவர் ஸர் ஜேம்ஸ் கிரிக் என்னும் ஆங்கிலேயர். வளைந்து கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. சத்தியமூர்த்திக்கும் இல்லை.

அந்தச் சட்டசபை எத்தகையது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும். மொத்தம் 145 இடங்கள். அவற்றுள் ஏறத்தாழ 40 இடங்கள் சர்க்காரே நியமித்த உத்தியோகஸ்தர்களுக்கும் பிறருக்கும் உரியவை. 1919-ஆம் ஆண்டின் சட்டப்படி, வரவு செலவுத் திட்டத்தின் பெரும்பகுதி அங்கத்தினர்களின் வாக்குக்கு உட்பட்டதன்று. ராணுவச் செலவு, கடனுக்குரிய வட்டி, ஓய்வூதியங்கள், மன்னர் நியமித்தவர்களின் சம்பளங்கள் ஆகியவையெல்லாம் அவ்வாறு விலக்கப்பட்டிருந்தன. கிறிஸ்தவ சமய இலாகாவின் செலவும் அப்படியே. 1930-களின் நடுவில் ராணுவத்திற்கு மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 45 கோடி ரூபாய் போயிற்று. மத்திய சர்க்காரின் வருமானத்தில் பாதிக்குமேல் விழுங்கிய அந்தத் தொகையில் ஒரு காசைக்கூட ஜனப் பிரதிநிதிகள் குறைக்க இயலாது.

அதற்கும் ஒரு வழி கண்டார்கள். படையின் செலவு வாக்குக்கு வராவிட்டாலும், டில்லியில் இருந்த ராணுவ இலாகாவின் காரியாலயச் செலவு வாக்குக்கு வந்தது. அந்தச் சிறு மானியத்தின்மீது வெட்டுத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்து, அதைச் சாக்காக வைத்துப் படைச் செலவு முழுவதையும் விமரிசித்தார்கள். மாட்டைத் தொடக்கூடாது என்றால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிற சாமர்த்தியம் இது!

வெட்டுத் தீர்மானங்கள் பல நிறைவேறின. நிதி மசோதாவைச் சபை திருத்திய ஆண்டுகளும் உண்டு. அடியோடு தள்ளிய ஆண்டுகளும் உண்டு. ஆயினும் பலன் என்ன? வைஸ்ராய் தம் விசேஷ அதிகாரத்தைக் கொண்டு மசோதாவுக்குச் சான்று அளித்துவிடுவார், அது சட்டமாகிவிடும். உப்பு வரி பழையபடியே வசூலாகும். வாக்கெடுப்பில் ஜயித்துவிட்டுக் காரியத்தில் தோற்கிற விசித்திரமான எதிர்க்கட்சி அது.

இத்தகைய நிலையில்தான் கேள்வி நேரத்தின் அருமை விளங்கிற்று. கேள்விக்குப் பதில் சொல்லாமல் சர்க்கார் மழுப்பலாம். ஆனால் மழுப்பியதும் அச்சாகி நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடும். அச்சிட்ட முதற்கேள்விக்குக் காரியாலயம் எழுதிக் கொடுத்த பதிலை எந்த மந்திரியும் படித்துவிடுவார். அதன்பின் எழுகிற துணைக் கேள்விகளிலேதான் அவருடைய இலாகா அறிவு வெளிப்படும். இந்தத் துணைக் கேள்விக் கலையில் சத்தியமூர்த்திக்கு நிகரானவர் அன்று இல்லை என்பது அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொண்ட செய்தி. முதல் நாள் இரவே தாள்களை வாசித்துத் தயாராக வருகிறவருக்குத்தான் அந்தக் கலை கைவரும். நாவன்மை மட்டும் இருந்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள் அவருடைய உழைப்பை அறியாதவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கொள்முதல் விஷயத்திலும் அன்று பெரிய வழக்கு ஒன்று இருந்தது. இந்திய சர்க்காருக்கு வேண்டிய இயந்திரங்களையும் ரயில் சாமான்களையும் நெடுங்காலம் லண்டனிலேயே வாங்கிவந்தார்கள். பணம் இங்கே வரி கொடுத்தவனுடையது. ஆர்டர் பெற்றது அங்குள்ள தொழிற்சாலை. இங்கேயே வாங்குவதற்கென்று இந்தியச் சாமான் கொள்முதல் இலாகா 1922-இல் ஏற்பட்டது. எனினும், இந்தியாவிலேயே ரூபாய்க் கணக்கில் டெண்டர் கோரவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வர மேலும் பல ஆண்டுகள் சென்றன. ஒரு பொருளை என்ன விலைக்கு வாங்கினோம் என்பதோடு, யாரிடத்தில், எந்த நாணயத்தில், யாருடைய பரிசோதனையின் பேரில் வாங்கினோம் என்பதும் அரசியல்தான் என்று நம்மவர்களுக்கு அந்த வழக்குக் கற்பித்தது.

சத்தியமூர்த்தி 1943-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் தேதி காலமானார். சுதந்தர இந்தியாவின் பாராளுமன்றத்தை அவர் காணவில்லை. கண்டிருந்தால், எல்லாச் செலவும் மக்கள் மன்றத்தின் பார்வைக்கு வந்துவிட்டதே என்று மகிழ்ந்திருப்பார். மறுகணமே துணைக் கேள்விக்கும் எழுந்திருப்பார். ஏனெனில், சுதந்தரம் வந்த மறுஆண்டே கொள்முதல் விவகாரம் ஒன்று தலை தூக்கிற்று.

காஷ்மீரப் போர் நடந்த 1948-இல் படைக்கு ஜீப் வண்டிகள் அவசரமாகத் தேவைப்பட்டன. லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான முறைகளை விட்டுவிட்டு, அயல்நாட்டுக் கம்பெனி ஒன்றுடன் சுமார் 80 லட்ச ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155 வண்டிகள். அவற்றைப் பரிசோதித்த ராணுவத்தினர், உபயோகத்திற்கு லாயக்கில்லை என்று ஒதுக்கினார்கள். பொதுக் கணக்குக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. எங்கள் ஊர்க் கேள்விகள் மூன்றும் இங்கே அப்படியே பொருந்துவதைக் காண்கிறோம்: எஸ்டிமேட் இருந்தது, பணம் போயிற்று, மண்தான் விழவில்லை.

முடிவு என்ன ஆயிற்று? 1955-இல் உள்துறை மந்திரி கோவிந்த வல்லப பந்த், சர்க்காரைப் பொறுத்தவரையில் இந்த விஷயம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். எதிர்க்கட்சிகளுக்குத் திருப்தி இல்லையானால் இதைத் தேர்தல் பிரச்னையாக்கிக் கொள்ளட்டும் என்ற பொருள்பட அவர் பேசியது பிரசித்தம். அடுத்த ஆண்டு மேனன் மந்திரி சபையில் இடம்பெற்றார். மேனன் சொந்த லாபம் கருதினார் என்று எவரும் நிரூபித்ததில்லை. அவசரத்தின் நெருக்கடியும் உண்மையானதே. ஆயினும் கணக்கைத் தேர்தலுக்குத் தள்ளிய பதிலை என்னால் ஏற்கமுடியவில்லை. தேர்தலில் ஜனங்கள் நூறு காரணங்களுக்காக வாக்களிக்கிறார்கள். 155 வண்டிகளுக்கு என்ன விலை, யார் பரிசோதித்தார்கள் என்பதை வாக்குச் சீட்டால் கேட்க இயலுமா?

வைஸ்ராயின் சான்றுக்கும் ஆளுங்கட்சியின் பெரும்பான்மைக்கும் வேறுபாடு மிகப் பெரிது. இருந்தபோதிலும், எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மூடிய கதவாகத் தோன்றக்கூடும் என்பதை இந்த ஜீப் விவகாரம் காட்டிற்று. அந்தக் கதவில் ஒரு சாவித் துவாரமாவது இருக்கட்டும் என்றுதான் பொதுக் கணக்குக் குழுவின் அமைப்பு மெல்ல மெல்ல மாறிற்று எனலாம். 1921-இல் முதன்முதல் ஏற்பட்ட அக்குழுவுக்கு வெள்ளையர் காலத்தில் நிதி இலாகாவின் தலைவரே தலைமை வகித்தார். செலவுக்குப் பொறுப்பானவரே கணக்கையும் பார்த்தார்! குடியரசு ஏற்பட்டபின் சபாநாயகர் தலைவரை நியமித்தார். மந்திரிகள் அங்கத்தினராக முடியாது என்றாயிற்று. 1967-இல் மினூ மஸானி நியமனம் பெற்றதிலிருந்து, எதிர்வரிசையினர் ஒருவரே தலைவராவது மரபாக நிலைத்தது.

அந்த நாற்காலியில் 1971 முதல் 1973 வரையில் இருந்தவர் தமிழகத்தின் இரா. செழியன். 1923-இல் திருக்கண்ணபுரத்தில் பிறந்தவர், நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி, 1962-இல் தி. மு. க. சார்பில் மக்கள் சபைக்குச் சென்றவர். சத்தியமூர்த்தியின் கட்சி வேறு, இவருடைய கட்சி வேறு. கொள்கைகளிலே எத்தனையோ காத தூரம். ஆனால் சபை விதிகளைக் கரைத்துக் குடித்திருப்பதிலும், பேசுவதற்கு முன் தாள்களைப் படிப்பதிலும் இருவரும் ஒரே பள்ளியின் மாணாக்கர்கள். குழுவின் அறிக்கைகளை வாசிப்பது சுவையான பொழுதுபோக்கு அன்று என்பதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பத்தி பத்தியாக எண்கள், இலாகாவின் விளக்கம், விளக்கம் திருப்தி தரவில்லை என்னும் குழுவின் குறிப்பு. அந்த வறண்ட வாக்கியங்களுக்குப் பின்னால், சாட்சி நாற்காலியில் அமர்ந்து பதில் சொல்லவேண்டியிருந்த காரியதரிசி ஒருவர் இருக்கிறார். சத்தியமூர்த்திக்குக் கேள்வி நேரத்தின் சில நிமிஷங்களே கிடைத்தன. செழியனுக்கோ கோப்புகளைத் தருவித்து, காரியதரிசிகளை அழைத்து, நாள்கணக்கில் வினவ இடம் இருந்தது. ஒன்று மட்டும் இருவர் காலத்திலும் மாறவில்லை: குழுவிடம் கணக்கு வந்து சேரும்போது பணம் செலவாகி ஆண்டுகள் கடந்திருக்கும்.