வீட்டுச் சிகிச்சை அங்கீகாரப் பரிசோதனை

நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்கே செவிலியரும் மருந்தும் சென்று செய்யும் சிகிச்சை, நிர்ணயிக்கப்பட்ட தரத்துக்கு ஒத்து நடைபெறுகின்றதா என்பதை, அதில் பங்குபெறாத பரிசோதகர்கள் நேரில் கண்டு சான்று அளிக்கும் முறைக்கு இப்பெயர் வழங்குகிறது. ஆஸ்பத்திரியாயின், பரிசோதகர் வரும் நாளன்று தரையைக் கழுவி, அறிவிப்புப் பலகைகளைத் தொங்கவிட்டு, ஊழியருக்குப் புதிய சீருடை அணிவித்துவிடலாம். சிகிச்சை நிகழும் இடம் பிறருடைய குடித்தனமாக இருக்கும்பொழுதோ, கட்டிலும் அடுப்படியும் என்றும் இருக்கும் கோலத்திலேயே அவர் கண்ணில் படும். இப்பரிசோதனையின் கடினம் இதில்தான் இருக்கிறது. அதன் நேர்மையும் இதில்தான் இருக்கிறது என்று கூறலாம்.

அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டு மெடிகேர் சட்டம் இயற்றப்பட்டு, முதியோருக்கு வீட்டில் செய்யும் சிகிச்சைக்கும் அரசுப் பணம் கிடைக்கலானதும், அப்பணத்தைப் பெறும் நிலையங்களைச் சோதிப்பது அவசியமாயிற்று. அங்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையேனும் பரிசோதகர் முன்னறிவிப்பின்றி வந்து, செவிலியருடன் நோயாளிகளின் வீடுகளுக்கும் செல்வது வழக்கம். கேரளத்தில் இச்சிகிச்சை வளர்ந்த வழி வேறு. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் தோற்றுவித்த வலி தணிப்புச் சங்கத்திலிருந்து கிளைத்த தொண்டர் இயக்கம், 2008இல் மாநில அரசின் கொள்கையாக உருப்பெற்று, பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. ஜனங்கள் ‘பாலியேட்டிவ் சிஸ்டர்’ என்று அழைக்கும் செவிலியர், ஆஷா என்னும் சுகாதாரத் தொண்டருடன் ஜீப்பிலோ ஆட்டோவிலோ வீடு வீடாகச் செல்லும் காட்சி இன்று அங்கு சாதாரணம். அரசுப் பணம் பெறும் நிலையங்களுக்காக அமெரிக்காவில் ஏற்பட்ட பரிசோதனை முறையை இத்தகைய பொதுப்பணிக்கு அப்படியே பொருத்த இயலாது.

இப்பொதுப்பணிக்கு ஏற்ற பரிசோதனைக்கு மிக அண்மையில் நிற்பது, மத்திய அரசு 2013இல் தொடங்கிய தேசியத் தர உறுதி நியமங்கள் என்னும் திட்டமாகும். நோயாளியின் உரிமை, தொற்றுத் தடுப்பு, மருத்துவப் பணி, விளைவு முதலிய எட்டுத் துறைகளில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு, ஒன்று, பூஜ்யம் என மதிப்பெண் இடப்படுகிறது. எழுபது சதவீதம் எட்டாதவர்க்குச் சான்று இல்லை. நேரில் காணுதல், ஊழியரை வினவுதல், ஏடுகளைப் பார்த்தல், நோயாளியிடம் கேட்டல் என்னும் நான்கு வழிகளால் விவரம் திரட்டப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் விரிவுபடுத்தப்பட்ட பன்னிரண்டு வகைச் சேவைகளுள் முதியோர் பராமரிப்பும் வலி தணிப்பும் அடங்கும் ஆதலால், வீட்டுச் சிகிச்சையும் இவ்வளையத்துக்குள் வந்துவிடுகிறது.

கேரளத்து நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், கொல்லயில் பஞ்சாயத்தைச் சேர்ந்த தனுவச்சபுரம் போன்ற, தமிழ்நாட்டை ஒட்டிய எல்லைக் கிராமங்களில் இப்பரிசோதனைக்கு ஆயத்தம் செய்வோர்க்குப் பிரத்தியேகமான சில சங்கடங்கள் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது; எல்லைக்கோடு விழுந்ததே தவிர, வைத்தியத்துக்கு அலையும் வழி பிரியவில்லை. ஒரே நோயாளி நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டும், காரக்கோணம் மருத்துவக் கல்லூரியில் ஒரு சீட்டும், களியக்காவிளையைக் கடந்து மார்த்தாண்டத்தில் மற்றொரு சீட்டும் வைத்திருத்தல் சாத்தியம். இவற்றின்படி வாங்கிய மாத்திரைகள் தலைமாட்டில் ஒரே பிளாஸ்டிக் பையில் கிடக்கும். நல்ல செவிலியர் அந்தப் பையைக் கட்டிலின்மேல் கொட்டி, பெயர் வேறாயினும் சரக்கு ஒன்றேயான இரண்டு அட்டைகளைப் பிரித்தெடுத்து, வேளைக்கு இன்னது என்று எழுதி, அந்த எழுத்தை நிலையத்து ஏட்டிலும் பதிவார். பரிசோதகர் ஏட்டை ஒரு கையிலும் பையை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டாரானால், ஆயத்தத்தின் தரம் சில நிமிஷங்களில் வெளிப்பட்டுவிடும்.

பாஷை மற்றொரு விஷயம். சம்மதப் பத்திரம் மலையாளத்தில் அச்சாகியிருக்க, கிழவியோ தமிழிலேயே நோவைச் சொல்லுகிறவளாயின், அவளுடைய கைநாட்டினால் உரிமை காக்கப்பட்டதாகக் கொள்ள இயலாது. பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலிக்கு எண்ணிடச் சொல்லும் கேள்வியையும் அவள் பேச்சிலேயே கேட்க வேண்டும். இரு மொழியிலும் தாள் அச்சிடுவதற்கு ஆகும் செலவு அற்பமே.

செவிலியரின் தோள்பையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதைத் தரையில் வையாமல் காகிதம் விரித்து வைத்தல், திறக்குமுன் கை கழுவுதல், ஊசியைக் குத்தித் துளைக்க முடியாத டப்பாவிலும், புண்ணிலிருந்து எடுத்த துணியை மஞ்சள் பையிலும் இட்டுத் திரும்பக் கொணர்தல் ஆகியவற்றைப் பரிசோதனைக்கு முந்திய வாரம் போதித்தால் பயனில்லை. பரிசோதகர் அருகில் நிற்கும் பரபரப்பில் கை பழைய பழக்கத்தின்படியே போகும். மார்ஃபின் கையிருப்புப் பதிவேடும் அவ்வாறே: போதைப் பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்தின் பின், மார்ஃபின் வைத்திருக்க அங்கீகாரம் பெற்ற நிலையம் எதுவும் வரவும் செலவும் இருப்பும் மாத்திரை எண்ணிக்கையில் பொருந்தக் காட்டியாக வேண்டும். பழைய தேதியிட்டு ஒரே இரவில் நிரப்பிய ஏட்டை, மையின் ஒரே நிறத்தினாலேயே அனுபவசாலி இனம் கண்டுகொள்வார்.

ஆகவே விவேகமுள்ள நிர்வாகி, தம் ஊழியருள் ஒருவரையே பரிசோதகராக நியமித்து, மாதம் ஒரு முறை முன்னறிவிப்பின்றி ஏதேனும் ஒரு வீட்டுக்கு அனுப்பி, குறைகளை எழுதச் செய்வார். எழுதிய குறைக்குப் பொறுப்பாளரும் தவணையும் குறிக்கப்பட வேண்டும்; மறுமாதச் சோதனை அந்தக் குறையிலிருந்தே தொடங்கும். தேசியச் சான்று மூன்று ஆண்டுகள் செல்லும். இடைப்பட்ட ஆண்டுகளில் மாநில அளவிலான மேற்பார்வையும் உண்டாதலால், சான்றைச் சட்டம் போட்டு மாட்டிய மறுநாளே அடுத்த சோதனைக்குரிய ஏடு திறக்கப்படுகிறது.