ஒளி உறிஞ்சலும் கரைசலின் செறிவும்: ஒரு விதியின் பெயர் வரலாறு

நிறமுள்ள கரைசலினூடாக ஒளியைச் செலுத்தி, அது குறையும் அளவைக்கொண்டு கரைபொருளின் செறிவை அறியும் முறை இன்று ஆய்வுகூடமெங்கும் வழக்கிலுள்ளது. இதற்கு ஆதாரமான விதியைப் பாடநூல்கள் பலவும் ‘பீர்-லம்பேர்ட் விதி’ என்றே குறிக்கின்றன. இப்பெயர் வரலாற்றின் முதற்படியை மறைக்கின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதற்படி பிரான்சைச் சேர்ந்த பியேர் பூகேருடையது. ஓர் ஒளி மற்றொன்றைப்போல் எத்தனை மடங்கு என்பதைக் கண் கணிக்கமாட்டாது. அருகருகே அமைந்த இரு ஒளிப்பரப்புகள் சமமா என்பதையோ நுட்பமாக உணரும். இவ்வுண்மையைக் கருவியாக்கிய பூகேர், 1729இல் வெளியிட்ட நூலில், சம தடிப்புள்ள அடுக்குகள் ஒவ்வொன்றும் தன்னை வந்தடையும் ஒளியில் ஒரே விகிதத்தைக் குறைக்கும் என்று காட்டினார். முதலடுக்கு பாதியை விடுமாயின், இரண்டாவதைக் கடப்பது கால், மூன்றாவதைக் கடப்பது அரைக்கால். பூகேரின் நூலை அறிந்திருந்த யோகான் லம்பேர்ட், 1760இல் வெளிவந்த தம் ‘போட்டோமெற்றியா’வில் இவ்வுறவுக்குக் கணித வடிவம் தந்தார்.

இருவரும் ஆராய்ந்தது தடிப்பையே. செறிவு அதனோடு இணைந்தது 1852இல். நிறத்திரவங்கள் செவ்வொளியை உறிஞ்சுவதை ஆராய்ந்த ஜெர்மானியர் ஆகஸ்ட் பீர், கரைசலை இருமடங்கு ஐதாக்கிப் பாதையையும் இருமடங்காக்கினால் கடந்துவரும் ஒளி மாறாது எனக் கண்டார்.

பாரிசில் ஜூல் டுபொஸ்க் அமைத்த நிறமானி இதனைப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தது. நியமக் கரைசலும் அறியாக் கரைசலும் ஒரே நிறமாகத் தோன்றும்வரை திரவ உயரங்கள் மாற்றப்படும். செறிவுகள் அவ்வுயரங்களுக்கு நேர்மாறு. இங்கும் கண் செய்வது பூகேர் அதற்கு வகுத்த பணியையே. 1941இல் வெளிவந்த பெக்மன் நிறமாலை ஒளிமானி போன்ற கருவிகளில் ஒளிமின்கலம் கண்ணின் இடத்தைப் பெற்றது. இன்று, படும் ஒளிக்கும் வெளிவரும் ஒளிக்குமுள்ள விகிதத்தின் மடக்கையே உறிஞ்சல் அளவாகும். நியமக் கரைசல் 0.24 எனவும், அதே கலத்தில் அறியாக் கரைசல் 0.36 எனவும் காட்டினால், பின்னதன் செறிவு ஒன்றரை மடங்கு. ஒற்றை அலைநீள ஒளிக்கும் ஐதான கரைசல்களுக்குமே இக்கணக்கு செவ்வனே பொருந்தும்.

ஐரோப்பிய மொழி நூல்கள் சில ‘பூகேர்-லம்பேர்ட்-பீர் விதி’ என வழங்குகின்றன. தமிழ்ப் பாடநூல்களும் அவ்வாறே வழங்குதல் தகும். ஒருவருக்கு உரிய மதிப்பை அளிப்பது மட்டுமன்று அதன் பயன். தடிப்பு முதலிலும் செறிவு நூறாண்டுக்குப் பின்னும் விளங்கிய வரிசையை மாணவர் அறிவர். வாய்பாடு முழுவடிவில் ஒரே நாளில் தோன்றியதன்று என்ற தெளிவும் அவர்களுக்குக் கிட்டும்.