மகிழுந்துக்குள் ஒரு பள்ளி ஆசிரியர்



கடந்த பள்ளி விடுமுறையின்போது என் முன்னாள் மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்திருந்தார். தம் மகிழுந்தில் ஓர் ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு சப்வூஃபர்களையும் தாமே பொருத்தியிருக்கிறார். ஒலியைக் கூட்டிய சற்று நேரத்தில் கருகிய வாடை வந்து ஆம்ப்ளிஃபையர் செயலிழந்துவிட்டது. பல மாதச் சேமிப்பு வீணாயிற்று. “எல்லாம் சரியாகத்தான் இணைத்தேன், ஐயா” என்றார்.

இணைப்பைத் தாளில் வரையச் சொன்னேன். ஒவ்வொரு சப்வூஃபரிலும் 4 ஓம் எனக் குறிக்கப்பட்டிருந்ததாம். இரண்டையும் அவர் இணைச் சுற்றாக இணைத்திருந்தார். அப்போது மொத்தத் தடை 2 ஓம் ஆகிவிடும். அந்த ஆம்ப்ளிஃபையரோ அவர் இணைத்த முறையில் 4 ஓமுக்குக் குறைந்த தடையைத் தாங்காது. தடை பாதியானால் மின்னோட்டம் இரு மடங்காகும்; கருவி சூடேறும். தொடர்ச் சுற்றாக இணைத்திருந்தால் மொத்தத் தடை 8 ஓம். ஒலி சற்றுக் குறைந்திருக்கும், கருவி பிழைத்திருக்கும்.

இந்தக் கணக்கை உலகிற்கு அளித்தவரும் நம்மைப் போல் ஒரு பள்ளி ஆசிரியரே என்பதை அன்று அவரிடம் கூறினேன்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தையே அவருக்குக் கணிதம் புகட்டினார். 1817 முதல் கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர், அப்பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேயே மின்னோட்டத்தை ஆராய்ந்தார். அக்கால மின்கலன்கள் சீரான மின்னோட்டம் தரவில்லை. எனவே பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரின் சூட்டிலும் மறுமுனையைப் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்து, நிலையான மின்சாரம் பெற்றார். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் தொடர்பை விளக்கும் நூலை 1827-இல் வெளியிட்டார்.

அந்நூலுக்கு உரிய வரவேற்பு கிட்டவில்லை. மனமுடைந்த ஓம் 1828-இல் கொலோன் பள்ளிப் பணியைத் துறந்தார். 1841-இல்தான் லண்டன் அரச கழகம் கோப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. 1854-இல் அவர் மறைந்தார். 1881-இல் பாரிசில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, மின்தடையின் அலகுக்கு அவர் பெயரையே ஏற்றது.

அதன்பின் 1925-இல் ரைஸ், கெல்லாக் ஆகிய அமெரிக்கப் பொறியாளர்கள், கம்பிச்சுருள் அசைவதால் ஒலியெழுப்பும் ஒலிபெருக்கியை விளக்கினர். இன்றைய சப்வூஃபரும் அவ்வழி வந்ததே. 1930-இல் மோட்டோரோலா என்ற பெயரில் மகிழுந்து வானொலி விற்பனைக்கு வந்தது. கருவிகள் எத்தனையோ மாறின. ஓம் கண்ட விதி மாறவில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு என் மாணவர் வியப்புடன், “இது மின்குமிழ்ப் பாடம்தானே, ஐயா?” என்றார். அச்சொல் என்னைச் சுட்டது. அவருக்கு அப்பாடத்தைக் கற்பித்தவன் நானே. இணைச் சுற்றில் மின்குமிழ்கள் பிரகாசமாக எரியும் என்று எழுத வைத்தேன். அவரும் முழு மதிப்பெண் பெற்றார். அந்தப் பிரகாசத்திற்காக மின்கலன் எவ்வளவு கூடுதலாக உழைக்கிறது என்ற கேள்வியை நான் எழுப்பவே இல்லை. ஆம்ப்ளிஃபையர் கருகியதற்கான விடை அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

இவ்வாண்டு என் வகுப்பு மேசையில் மின்குமிழ்களுக்கு அருகில் இரண்டு பழைய ஒலிபெருக்கிகளும் இருக்கின்றன. அவற்றின் பின்புறம் எழுதியுள்ள எண்ணை மாணவர்களே படித்துக் கணக்கிடுகிறார்கள். பெற்றோர்களே, பிள்ளைகள் வீட்டில் எதையேனும் கழற்றிப் பூட்ட முனைந்தால் திட்டாதீர்கள். மின்சாரத்தை முதலில் துண்டித்துவிட்டு, அதன் பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று உடன் அமர்ந்து படியுங்கள்.